கோவலன் கண்ட மதுரை

ஓர் ஊரை அறிய விரும்புகிறவன் வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும் என்பார்கள். சுற்றுலாச் செல்வோர்க்கென எழுதப்படும் நூல்களிலும் இன்று இந்த அறிவுரை தவறாமல் இடம்பெறுகிறது. அயலானைப்போல் பார்க்காதே, அவ்வூரானைப்போல் நட என்று அவை கூறுகின்றன. நல்ல அறிவுரைதான். ஆயினும் நடந்த அளவிலேயே ஒருவன் ஊரானாகிவிடுவானா?

இத்தாலி நாட்டு வெனிஸ் நகரை எடுத்துக்கொள்வோம். அங்கே தெருக்களில் மோட்டார் வண்டி ஓடுவதில்லை. கால்வாயும் பாலமும் சந்தும் முற்றமுமாக அமைந்த அந்தப் பழைய நகரை நடந்தோ படகேறியோதான் காண முடியும். வீட்டெண்களும் தெருவாரியாக அமைந்தவை அல்ல. நகரின் ஆறு பகுதிகளுள் ஒவ்வொன்றுக்கும் ஒரே எண் தொடர் உண்டு. அது ஆயிரக்கணக்கில் ஏறிச் செல்லும். எண்ணை மட்டும் கையில் வைத்திருக்கும் அயலான் திகைத்து நிற்பான். ஊரான் இன்ன பாலம், இன்ன முற்றம், இன்ன கோயில் என்று அடையாளம் சொல்லி அனுப்புவான். அப்படியானால் நடக்கக் கால் இருந்தால் மட்டும் போதாது, கேட்க வாயும் வேண்டும் என்பது தெளிவு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் முன்னோர் சொன்னதும் இதுவே.

தமிழில் ஒரு பழைய நகரைக் காலால் நடந்து கண்டவன் என்றதும் நம் நினைவுக்கு வருபவன் கோவலன். சிலப்பதிகாரத்தின் 30 காதைகளுள் 14ஆவது ஊர்காண் காதை. காதையின் பெயரே அதன் பொருளைச் சொல்கிறது. மதுரையின் கோட்டை வாயிலுக்குள் நுழைந்து, கணிகையர் வீதி, மணி வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி ஆகியவற்றைக் கண்டு கோவலன் மீள்கிறான். நம் பள்ளிகளில் இக்காதையைப் பண்டைத் தமிழரின் வாணிகச் சிறப்புக்குச் சான்றாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். தேர்வுக்குரிய கையேடுகள் வீதிகளை வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. கதை விரைந்து செல்லும் இடத்தில் அடிகள் சற்று நின்று வருணனையில் இறங்கிவிட்டார் என்று குறை கூறுவோரும் உளர்.

இவ்விரு கருத்துகளும் காதையின் உயிர்நிலையைத் தொடவில்லை என்பது என் துணிபு. ஊர்காண் காதை வெறும் வருணனை அன்று. கோவலனின் வீழ்ச்சி அதிலேயே தொடங்கிவிடுகிறது. ஓர் ஊரைக் காண்பதற்கும் அறிவதற்கும் இடையேயுள்ள தூரத்தை இளங்கோவடிகள் அங்கே அளந்து காட்டுகிறார்.

சென்ற நோக்கம்

கோவலன் எதற்காக மதுரைக்குள் சென்றான்? வீதிகளைக் கண்டு களிக்கவா? இல்லை. காதையின் தொடக்கத்தில் அவன் கவுந்தியடிகளிடம் பேசுவதைக் கூர்ந்து நோக்க வேண்டும். நெறி தவறி, அறியாத நாட்டில் மனைவியைத் துன்புறச் செய்துவிட்டதாக அவன் வருந்துகிறான். நகருக்குள் சென்று அங்குள்ள வணிகப் பெருமக்களுக்குத் தன் நிலையை எடுத்துரைத்து வருவதாகக் கூறுகிறான். திரும்பி வரும்வரை கண்ணகியைக் காக்குமாறு அவரை வேண்டுகிறான். அடிகளும் இராமன் கதையையும் நளன் கதையையும் சொல்லித் தேற்றி, அவனைப் போய்வரச் செய்கிறார்.

ஆக, அவன் புறப்பட்டது மனிதரைக் காண. நகருக்குள் அவன் செய்தது என்ன? காவலின் சிறந்த யவன வீரர் ஐயுறாதபடி வாயிலுக்குள் நுழைகிறான். வீதி வீதியாக நடக்கிறான். உச்சி வெயிலும் புகாதபடி செறிந்த கொடிகளின் நிழலில் திரிகிறான். அரசனுடைய பேரூரைக் கண்டு மகிழ்ச்சியோடு புறஞ்சேரிக்குத் திரும்புகிறான். அவ்வளவே. எந்த வணிகன் வீட்டு வாயிலிலும் அவன் நின்றதாக அடிகள் சொல்லவில்லை. ஒருவரிடமும் ஒரு சொல் பேசியதாகவும் இல்லை. எந்தக் கடையிலும் விலை கேட்கவில்லை. எவரிடமும் தன் தந்தை மாசாத்துவான் பெயரைச் சொல்லவில்லை.

புறப்பட்ட நோக்கத்தைக் காதையின் தொடக்கத்தில் சொன்ன அடிகள், அது நிறைவேறவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, சொல்லாமலே விட்டுவிட்டார். அந்த மௌனம் மறதியால் நேர்ந்ததன்று. அடுத்த அடைக்கலக் காதையில் கவுந்தியடிகளும் மாடலனும் கோவலனை மீண்டும் தூண்டுகின்றனர். அகநகரில் உள்ள வணிகர் உன் பெருமை கேட்டு உன்னை ஏற்றுக்கொள்வர், கதிரவன் மறையுமுன் கண்ணகியோடு நகருக்குள் செல் என்று இருவரும் சொல்கின்றனர். முதல்நாள் வேலை முடிந்திருந்தால் இந்த அறிவுரைக்கு இடமேது?

கோவலன் ஏன் ஒருவரையும் அணுகவில்லை? அடிகள் காரணம் கூறவில்லை. படிப்பவர் தாமே உணரும்படி விட்டிருக்கிறார். நாணம் என்றே நான் கருதுகிறேன். பெருஞ்செல்வத்தைத் தொலைத்தவன், தன்னைப் போன்ற செல்வர் வீட்டு வாயிலில் நின்று நான் இன்னான் மகன் என்று சொல்வது எளிதன்று. அந்த நாணத்தை மறக்க அவன் வீதிகளை வேடிக்கை பார்த்தான். துன்பத்தில் இருப்பவன் கடைத்தெருவில் சுற்றித் திரிந்து பொழுதைப் போக்குவதை நாமும் கண்டிருக்கிறோம் அல்லவா?

வீதிகள் காட்டியவை

கோவலன் கண்ட வீதிகளைப் பற்றிய பகுதி வாணிக நுட்பம் நிறைந்தது. மணி வீதியில் வயிரத்தின் குற்றங்களான காகபாதம், களங்கம், விந்து, ஏகை ஆகியவற்றை அடிகள் பெயர் சொல்லிக் குறிக்கிறார். குற்றமற்ற மணிகளை வகைப்படுத்துகிறார். பொன் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன் நால்வகையாகிறது. வாங்குவோர் மயங்காதபடி அங்கே கொடிகள் நடப்பட்டிருக்கின்றன. கூல வீதியில் நிறைகோலும் பறையும் அம்பணமும் கொண்டு அளப்போர் திரிகின்றனர்; மிளகு மூட்டைகள் கிடக்கின்றன.

இது யாருடைய பார்வை? வணிகன் மகனுடைய பார்வை. கல்லைக் கண்டால் குற்றம் அறிவான். பொன்னைக் கண்டால் வகை அறிவான். மணியின் நால்வகைக் குற்றமும் தெரிந்த ஒருவன் சில காலத்துக்குள் மனிதனின் குற்றம் தெரியாமல் உயிர் இழக்கப் போகிறான். அதற்காகவே அடிகள் மணிக்கடையில் இவ்வளவு நேரம் நம்மை நிறுத்துகிறார் என்று எண்ணத் தோன்றுகிறது. பொன்னின் வகையைச் சொல்லக் கொடி உண்டு. மனிதனின் வகையைச் சொல்லக் கொடி ஏது?

கொடியைப் பற்றி இன்னும் ஒன்று. கோவலனும் கண்ணகியும் வையையைக் கடந்து மதுரையை நெருங்கும்போது, மதில்மேல் அசையும் கொடிகள் வராதீர் என்று கைகாட்டி மறிப்பனபோல் இருந்தன என்று புறஞ்சேரி இறுத்த காதையில் அடிகள் கூறியிருக்கிறார். அக்கொடிகளைக் கடந்து வந்தவனுக்கு நகருக்குள் கொடிகளே பந்தலாகி நிழல் தருகின்றன. வெளியே எச்சரிக்கையாக அசைந்தது உள்ளே இன்பமாகிவிட்டது. அயலான் கண்ணுக்கு நகரின் அடையாளங்கள் இவ்வாறுதான் பொருள் மாறித் தோன்றும்.

அதே காதையில் வரும் பாணரையும் மறத்தலாகாது. மதுரைக்கு இன்னும் எத்தனை காவதம் என்று கோவலன் அவர்களைக் கேட்கிறான். அவர்கள் தூரத்தை எண்ணால் சொல்லவில்லை. அகிலும் சந்தனமும் குங்குமமும் மணக்க, அடுக்களைப் புகையும், அங்காடியில் அப்பம் சுடுவோரின் புகையும், மாடங்களில் எழும் நறும்புகையும், வேள்விப் புகையும் தோய்ந்து தென்றல் வருகிறது பாருங்கள். ஊர் தொலைவில் இல்லை என்கின்றனர். இதுவன்றோ ஊரறிந்தவர் பேச்சு! ஊரை மூக்கால் அறிந்தவர்கள் அவர்கள். தனியே சென்றாலும் தடுப்பார் இல்லை என்றும் அவர்கள் சொல்கின்றனர். அது உண்மைதான். கோவலனை மதுரையில் எவரும் தடுக்கவில்லை. தடுத்து, எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவர் இருந்திருந்தால் அவன் பிழைத்திருக்கலாம்.

ஆறு பருவமும் ஒரு பகலும்

இங்கே ஒரு தடை எழலாம். ஊர்காண் காதையில் வருவதெல்லாம் கோவலன் கண்ணால் கண்டது என்று எப்படிக் கொள்வது? கணிகையரோடு செல்வர் நுகரும் இன்பத்தைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பருவத்துக்கும் அடிகள் விரித்துரைக்கிறார். ஒரே பகலில் ஒருவன் ஆறு பருவத்தைக் காண முடியுமா? எனவே இது புலவர் கூற்று. கோவலனின் பார்வை என்று நாம் பொருள் கொள்வது மிகை என்று ஒருவர் கூறலாம்.

இத்தடையில் உண்மை உண்டு. பருவங்களைச் சொல்பவர் அடிகளே, கோவலன் அல்லன். ஆயினும் வரிசையைப் பாருங்கள். காரில் தொடங்கிய பேச்சு முதுவேனிலில் வந்து முடிகிறது. வேனில் விடைபெறும் அந்த இறுதி நாட்களில்தான் கோவலன் வீதியில் நிற்கிறான். அவன் கண்டது ஓர் ஆண்டின் ஒரு நாள் வெயில். எஞ்சிய பருவங்களை அவன் அந்நகரில் காணப்போவதே இல்லை. ஆடித் திங்கள் தேய்பிறை எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை மதுரை எரியும் என்றொரு பழைய மொழி இருந்ததைக் கட்டுரை காதை பின்னர் வெளிப்படுத்துகிறது. அதை நினைவில் கொண்டு மீண்டும் படித்தால் அந்த ஆறு பருவப் பகுதி கவலையைத் தருகிறது. ஊரார்க்கு ஆண்டு முழுவதும் உரிய நகரம் இவனுக்கு ஒரு பகல் மட்டுமே உரியதாயிற்று.

மாங்குடி மருதனாரின் மதுரை

இதே மதுரையை வேறொரு பெரும்புலவரும் பாடியிருக்கிறார். பத்துப்பாட்டுள் மிக நீண்டது 782 அடிகளையுடைய மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது அது. பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அச்சிட்டு நமக்கு அளித்தார். அதனால் இவ்விரு மதுரைகளையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கும் பேறு நமக்குக் கிடைத்தது.

மருதனார் நகரை எவ்வாறு காட்டுகிறார்? வீதிவாரியாக மட்டும் அன்று, பொழுதுவாரியாகவும் காட்டுகிறார். பகலில் நாளங்காடியின் இரைச்சல். பூ விற்போரும் வெற்றிலை பாக்கு விற்போரும் சுண்ணாம்பு விற்போரும் திரிகின்றனர். வீடுதோறும் சென்று பண்டம் விற்கும் முதிய மகளிரும் உளர். சங்கறுத்து வளை செய்வோர், மணி துளைப்போர், பொன்னை உரைத்துப் பார்ப்போர், செம்பை நிறுத்து வாங்குவோர், துணி விற்போர், ஓவியர் எனத் தெருவெல்லாம் தொழிலாளர் கூட்டம். நடுநிலை தவறாத அறங்கூறவையமும் நகருள் இருக்கிறது. மாலை வந்தால் அல்லங்காடி விழித்துக்கொள்கிறது. முதல் யாமத்தில் விழாவும் விளக்கும். அடுத்த யாமத்தில் கடைகள் அடைகின்றன. அடையும் மோதகமும் விற்போர் இருந்த இடத்திலேயே உறங்கி விழுகின்றனர். நள்ளிரவில் நூலேணியும் உளியுமாகக் கள்வர் வருகின்றனர். அவர்களைத் தேடி ஊர்காவலர் கண் துஞ்சாது திரிகின்றனர். விடியலில் மறை ஓதும் ஒலியும் பாணரின் மருதப் பண்ணும் கோழியின் குரலும் கேட்கின்றன. மகளிர் முற்றத்தைப் பெருக்குகின்றனர்.

இது ஊரானின் மதுரை. கடை திறப்பதைக் கண்டவன் அயலானாக இருக்கலாம். கடை அடைப்பதையும், அடை விற்பவள் தூங்கி விழுவதையும் கண்டவனே ஊரான். அந்நகரில் கள்வர் உண்டு, அவர்கள் எந்த நேரத்தில் வருவர் என்பதையும் மருதனார் அறிந்திருக்கிறார். அறிந்ததை அரசனிடமே மறைக்காமல் பாடுகிறார். கோவலன் நடந்த மதுரையிலோ கள்வனே கண்ணில் படவில்லை. எல்லாம் ஒளியும் கொடியும் மணியுமாக இருந்தது.

இதனால் மதுரைக்காஞ்சி உயர்ந்தது, ஊர்காண் காதை தாழ்ந்தது என்று நான் கூற வரவில்லை. மருதனார் நகரைப் பாடினார். இளங்கோவடிகள் அந்நகரைப் பார்க்கும் ஓர் அயலானின் கண்ணைப் பாடினார். இரண்டும் வெவ்வேறு கலைகள். இரண்டாவதை முதலாவதாகக் கருதிப் படிப்பதால்தான் ஊர்காண் காதை நமக்கு வெறும் பட்டியலாகத் தோன்றுகிறது.

சட்டையும் கோலும்

கொலைக்களக் காதையில் கோவலன் சிலம்போடு மீண்டும் நகருக்குள் செல்கிறான். வழியில் ஓர் எருது அவன்மேல் பாய வருகிறது. அது தீய நிமித்தம் என்பது ஆயர் அறிந்த செய்தி. அவன் குலத்தார் அறியாத செய்தி. ஆகவே அவன் அதைப் பொருட்படுத்தாது போகிறான். உடன் ஓர் ஆயன் வந்திருந்தால் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பான். ஊரறிவு என்பது இத்தகைய சிறு செய்திகளின் தொகுதி அல்லவா?

கடைவீதியை அடைந்ததும் அவன் ஒருவனைக் காண்கிறான். மேனியில் சட்டை, கையில் கோல், பின்னே நூறு பொற்கொல்லர். பார்த்த அளவிலேயே இவன் பாண்டியனிடம் சிறப்புப் பெற்ற பொற்கொல்லனாக இருப்பான் என்று கோவலன் முடிவு செய்கிறான். யாரிடமும் விசாரிக்கவில்லை. பொன் வீதியில் கொடியைப் பார்த்துப் பொன்னின் வகையை அறிந்ததுபோல், சட்டையைப் பார்த்து மனிதனின் வகையை அறிந்துவிட்டதாக நினைக்கிறான். அரசன் தேவிக்கு ஏற்ற காலணி ஒன்றுக்கு விலை மதிக்க உன்னால் இயலுமா என்று கேட்கிறான்.

மதுரை வீதியில் கோவலன் வாய்திறந்து பேசியதாக அடிகள் காட்டும் முதல் ஆள் இந்தப் பொற்கொல்லனே. இந்தக் குறிப்பைப் படிப்போர் ஊன்றி நோக்குக. முன்னர் நகர் முழுதும் சுற்றியபோது எத்தனையோ நல்லவர் அவன் அருகில் சென்றிருப்பர். பொன்னை உரைத்துப் பார்க்கும் நேர்மையான வணிகர் எத்தனையோ பேர் கடை விரித்திருப்பர். அவர்களிடம் பேசாதவன் அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்த கள்வனிடம் போய்ப் பேசுகிறான். தன் பெயரைச் சொல்லி நூறு பேரைக் கேட்டிருந்தால், அந்த நூறில் ஒருவன் தீயவனாக இருந்தாலும் மற்றவர் காத்திருப்பர். ஒருவனை மட்டும் கேட்டான். அந்த ஒருவன் அவனாக அமைந்துவிட்டான்.

தெருவில் ஏமாறுவது கோவலனுக்குப் புதிதும் அன்று. புகாரில் நகர இளைஞர் திரியும் வீதியில் கூனி ஒருத்தி 1008 கழஞ்சுப் பொன்னுக்கு மாதவியின் மாலையை விலை கூறினாள். அதை வாங்கியவனும் இவனே. பிறந்த ஊரின் தெருவில் அவன் மயங்கியபோது செல்வம் போயிற்று. அறியாத ஊரின் தெருவில் மயங்கியபோது உயிர் போயிற்று.

ஊழ் என்று விட்டுவிடலாமா?

ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்பது காப்பியத்தின் கொள்கை. அப்படியிருக்கக் கோவலன் யாரிடம் பேசினான், யாரிடம் பேசவில்லை என்று ஆராய்வது வீண் வேலை அன்றோ என்று சிலர் கேட்கக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஊழ் வானத்திலிருந்து இடியாக விழுவதாக அடிகள் எங்கும் பாடவில்லை. ஒரு மாலையின் விலை, யாழிசைத்த ஒரு பாடல், பாய்ந்த ஓர் எருது, ஒருவன் அணிந்த சட்டை, பேசாமல் விட்ட ஒரு சொல் ஆகிய அன்றாடச் செய்திகளின் வழியாகத்தான் அவருடைய காப்பியத்தில் ஊழ் நடந்து வருகிறது. ஆகவே அவற்றை ஆராய்வது ஊழை மறுப்பதாகாது. அது வரும் வழியைக் காண்பதாகும்.

கண்ணகியின் நடையையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். ஊர்காண் காதையில் அவள் நகரின் வீதிகளைக் காணவில்லை, புறஞ்சேரியில் காத்திருந்தாள். கணவன் கொலையுண்டபின் ஊர்சூழ் வரியில் அவளும் மதுரை வீதியில் நடக்கிறாள். கையில் ஒற்றைச் சிலம்பு. அவள் எந்தக் கடையையும் காணவில்லை. எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்கிறாள். இவ்வூரில் பெண்டிர் இருக்கின்றனரா, சான்றோர் இருக்கின்றனரா, தெய்வம் இருக்கிறதா என்று கேட்கிறாள். ஊரே அவளோடு அழுகிறது. அரசவைக்கும் அவள் தானே செல்கிறாள். வாயிற்காவலனிடம் தான் யார் என்பதைச் சொல்லியனுப்புகிறாள். அரசன் கேட்டபோது புகாரையும், மாசாத்துவான் குடியையும், கோவலனையும், தன் பெயரையும் தயங்காது எடுத்துரைக்கிறாள். கோவலன் எந்த வணிகனிடமும் சொல்லாத அந்தப் பெயர்களை அவள் அரியணையின் முன் சொன்னாள். அப்போதுதான் மதுரை உண்மையை அறிந்தது.

ஊர் காண்டல் ஒரு காதை. ஊர் சூழ்தல் ஒரு காதை. ஒருவன் பேசாமல் நடந்தான், ஒருத்தி கேட்டுக்கொண்டே நடந்தாள். இவ்விரு நடைகளுக்கும் இடையே மதுரைக் காண்டத்தின் துயரம் முழுதும் அடங்கியிருக்கிறது.

நம் பட்டணமும் நம் பிள்ளைகளும்

இதை நான் ஏட்டளவில் மட்டும் எண்ணவில்லை. தோட்டப் பள்ளியில் பணிபுரிபவனுக்கு இக்காதை நாள்தோறும் கண்முன் நடக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் தொழிற்பேட்டைக்கும் மாற்றப்பட்டும் போனபின், லயத்தை விட்டுப் பட்டணம் சேர்ந்த குடும்பங்கள் பல. கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் வந்திறங்கிய அவர்கள் முதல் நாள் கடைவீதியைக் கண்டு மகிழ்ந்தனர். பின்னர் வேலைக்கும் வீட்டுக்கும் பத்திரத்துக்கும் யாரை அணுகுவது என்று தெரியாமல், நல்ல சட்டை அணிந்து எதிரே வந்த முதல் ஆளை நம்பினர். அதனால் சிலம்பை இழந்தோர் எத்தனை பேர்!

பிரிக்பீல்ட்ஸ் பகுதியை எண்ணிப் பாருங்கள். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தபின், செங்கல்லாலும் ஓட்டாலும் நகரை எழுப்ப முற்பட்டனர். அதற்காகச் சூளைகள் அமைந்த இடம் இது. பெயரும் அதனால் வந்தது. பின்னர் இரயில்வே வந்தது. அதில் பணிபுரிந்த தமிழரும் இலங்கைத் தமிழரும் இங்கே குடியேறினர். விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் 1904இல் எழுந்தது. 2010இல் இப்பகுதி லிட்டில் இந்தியா என அழகுபடுத்தப்பட்டது. இன்று தோரண வாயிலையும் பூக்கடையையும் புடவைக் கடையையும் கண்டு படம் எடுத்துக்கொண்டு செல்வோர் பலர். அவர்கள் கண்டது ஊர்காண் காதை.

அதே தெருவில் வேறொரு நடையையும் காணலாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கே இருப்பதால் கண் தெரியாத அன்பர்கள் பலர் இப்பகுதியில் வாழ்கின்றனர், வேலை செய்கின்றனர். கோல் ஊன்றி, நடைபாதையில் பதித்த மேடுகளைக் காலால் தடவி அவர்கள் நடக்கின்றனர். வாழையிலைச் சோற்றுக் கடையின் தாளிப்பும் ஊதுவத்தியின் மணமும் இரயிலின் ஓசையும் அவர்களுக்கு வழி சொல்கின்றன. தெரியாத இடத்தில் தயங்காமல் நின்று, தம்பி இது எந்தச் சந்தி என்று கேட்கின்றனர். தென்றலின் மணத்தால் மதுரையை அறிந்த பாணரின் வழித்தோன்றல்கள் இவர்களே என்று நான் நினைப்பதுண்டு. கண்ணுள்ள கோவலன் காணாத ஊரை இவர்கள் காண்கின்றனர்.

கிள்ளானிலும் அப்படியே. ஆற்றைக் கடக்கும் பழைய கோத்தா பாலம் இரண்டு தளங்களாகக் கட்டப்பட்டது. மேல்தளம் வண்டிகளுக்கு, கீழ்த்தளம் நடப்பவர்க்கும் மிதிவண்டிகளுக்கும். மேலே விரைந்தவர் ஆற்றைக் கண்டார். கீழே நடந்தவர் எதிரே வந்தவரின் முகத்தையும் கண்டார். ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முன் ஒருநாள் மாலை நடந்து செல்பவன் நகைக்கடையின் ஒளியைக் காண்பான். விடியற்காலை நடந்து செல்பவனோ மாலை கட்டுவோரின் கைகளைக் காண்பான். அவர்களில் ஒருவரோடு பேசினால் அத்தெருவின் வரலாற்றையே கேட்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவரைப் பட்டணத்துக்கு அழைத்துச் சென்றேன். கண்டவற்றைப் பட்டியலிட்டு எழுதுங்கள் என்றேன். எழுதினர், எல்லாருடைய ஏடும் ஒன்றுபோல் இருந்தது. அடுத்த ஆண்டு வேறு விதி வைத்தேன். ஒவ்வொருவரும் தெருவில் ஒருவரிடமாவது தம் பெயரையும் பள்ளியையும் சொல்லி ஒரு கேள்வி கேட்டுவர வேண்டும். ஆசிரியர் அருகில் நிற்பார். முதலில் தயங்கினர். ஒரு சிறுமி செருப்புத் தைப்பவரிடம் சென்று, தாத்தா, இங்கே எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று கேட்டாள். அரைமணி நேரம் கழித்தும் அவளை அங்கிருந்து அழைத்துவர முடியவில்லை. அன்று மாலை பள்ளிக்குத் திரும்பிய பிறகு, கோவலன் ஏன் யாரையும் கேட்கவில்லை ஐயா என்று அவளே என்னைக் கேட்டாள். எனக்குத் தெரிந்த உரைகளில் எதிலும் நான் காணாத கேள்வி அது. இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தரும் விடை.

ஊர்காண் காதையை இனிக் கற்பிக்கும் ஆசிரியர் வீதிகளின் பெயரோடு நிறுத்திவிட வேண்டா. கோவலன் எதற்காகப் புறப்பட்டான், எதைச் செய்யாமல் திரும்பினான் என்று மாணவரைக் கேட்கட்டும். மணியின் குற்றத்தை அறிவதோடு மனிதரை அறியவும், தயங்காது தம் பெயரைச் சொல்லவும், ஒருவரை மட்டும் நம்பாமல் பலரைக் கேட்கவும் பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்ளட்டும்.